பீட்டா எச்.சி.ஜி. எவ்ளோன்னு கேக்குறதை விடுவோம்

"பீட்டா எச்.சி.ஜி. ஜாஸ்தியா இருக்காம், அதான் இவ்ளோ வாந்தி." மாசமா இருக்கிற பொண்ணு உள்ள வீட்டுல இந்தப் பேச்சு எப்படியும் அடிபடும். இதுலயாவது கொஞ்சம் பரிவு இருக்கு. இதையே திருப்பிப் போட்டுக் கேக்குறாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல: "ரிப்போர்ட்டெல்லாம் நார்மலாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் இப்படிச் சுருண்டு படுத்துக் கெடக்கா?" அதாவது, எண்ணு பெருசா இருந்தா அவ வாந்தி எடுக்கலாம். எண்ணு சாதாரணமா இருந்தா அவளுக்கு மனசு பலம் பத்தல, இல்லேன்னா செல்லம். ஒரு ஹார்மோன் அளவை வெச்சு ஒருத்தியோட அவஸ்தைக்குச் சான்றிதழ் குடுக்குற இந்த வழக்கத்துக்கு அறிவியல்ல இடமே இல்ல. ரத்தத்துல ஹார்மோன் எவ்ளோ இருக்குங்கிறது பாதிக் கதைதான். அந்த ஹார்மோனுக்கு அந்த உடம்பு முன்னாடியே பழகியிருந்துச்சாங்கிறது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி நமக்குப் புரிய ஆரம்பிச்சதே சமீபத்துலதான்.

முதல்ல எச்.சி.ஜி. மேல ஏன் சந்தேகம் விழுந்துச்சுன்னு பாத்துடுவோம், ஏன்னா அது ஒண்ணும் முட்டாள்தனமான சந்தேகம் இல்ல. கரு கர்ப்பப்பையில ஒட்டிக்கிட்டதும், பின்னாடி நஞ்சுக்கொடியா மாறப்போற செல்கள் இதைச் சுரக்க ஆரம்பிக்குது. வீட்டுல சிறுநீர் விட்டுப் பாக்குற அட்டையில ரெண்டாவது கோடு விழறது இதனாலதான். ஆரம்ப வாரங்கள்ல ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். 9-லேர்ந்து 11 வாரத்துக்குள்ள உச்சத்தைத் தொட்டு, அப்புறம் இறங்கும். இப்ப மசக்கையைப் பாருங்க. 5, 6 வாரத்துல ஆரம்பிச்சு, 9 வாரத்தை ஒட்டி உச்சம் போய், பெரும்பாலானவங்களுக்கு 16-லேர்ந்து 20 வாரத்துக்குள்ள அடங்கிடுது. ரெண்டு வரைபடத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா பொருந்தும். அதுக்கும் மேல, இரட்டைக் குழந்தைன்னா எச்.சி.ஜி. கூடும், வாந்தியும் கூடும். நஞ்சுத் திசு தாறுமாறா பெருகுற முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துல எச்.சி.ஜி. எகிறும், வாந்தியும் கடுமையாகும். இத்தனையும் ஒத்துப்போனா யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஆனா ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல ஏறி இறங்குறதால ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு ஆயிடாது. இதைச் சோதிக்கணும்னா, ஒரே வாரத்துல இருக்கிற பெண்களை எடுத்து, வாந்தி இருக்கிறவங்களோட எச்.சி.ஜி.யையும் இல்லாதவங்களோட எச்.சி.ஜி.யையும் ஒப்பிடணும். பல வருஷமா பல பேர் ஒப்பிட்டுப் பாத்தாச்சு. சிலதுல வித்தியாசம் வந்துச்சு, சிலதுல வரல. வந்த இடத்துலயும் ரெண்டு கூட்டத்தோட அளவுகளும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துதான் கிடந்துச்சு. 9-லேர்ந்து 12 வாரத்துக்கு லேப் ரிப்போர்ட்டுல போடுற வழக்கமான வரம்பையே பாருங்களேன், சுமாரா 25,000-ல ஆரம்பிச்சு 2,80,000-ஐயும் தாண்டிப் போகும். பத்து மடங்குக்கு மேல அகலமான ஒரு வரம்புக்குள்ள எல்லாருமே "நார்மல்". அந்த எண்ணை வெச்சு யார் வாந்தி எடுப்பான்னு எப்படிச் சொல்ல முடியும்?

இரட்டைக் குழந்தை, முத்துப்பிள்ளை ஆதாரத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு. நஞ்சுத் திசு அதிகமா இருந்தா எச்.சி.ஜி. மட்டும் தனியா கூடுறதில்ல, அந்தத் திசு சுரக்குற மத்ததும் சேர்ந்து கூடலாம். எச்.சி.ஜி.யை அளக்க ரொம்ப காலமாவே வழி இருக்கு, செலவும் கம்மி. அதனால குற்றம் அது தலையில ஏறுச்சு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் மேலயும் இதே மாதிரிக் குற்றச்சாட்டு உண்டு. புரோஜெஸ்டிரான் குடல் தசைகளைத் தளர்த்தி ஜீரணத்தை மந்தமாக்கும், அது உண்மை. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிட்டா சிலருக்குக் குமட்டும், அதுவும் உண்மை. ஆனா புரோஜெஸ்டிரானும் ஈஸ்ட்ரோஜனும் கடைசி மாசம் வரைக்கும் ஏறிக்கிட்டே போகுது, வாந்தி நாலாம் அஞ்சாம் மாசத்துல நின்னுடுது. (இதே கேள்வி அடுத்து வரப்போற ஹார்மோனுக்கும் பொருந்தும். அங்க ஒரு பதில் இருக்கு, சொல்றேன்.)

இப்ப புது ஆளுக்கு வருவோம். பேரு ஜி.டி.எஃப். 15. உடம்புல செல்கள் சிரமத்துல இருக்கும்போது சுரக்குற ஒரு புரதம் இது. நோய், காயம், புற்றுநோய் எல்லாத்துலயும் கூடும், பசியை அடக்கும். இது எங்க போய் வேலை செய்யுதுன்னு 2017-ல நாலு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. மூளையோட அடிப்பகுதியில, குமட்டலையும் வாந்தியையும் கட்டுப்படுத்துற இடத்துல மட்டும்தான் இதை உணர்ற ஏற்பி இருக்கு. பொதுவா ரத்தத்துல இருக்கிற பல பொருள்கள் மூளைக்குள்ள போக முடியாம ஒரு தடுப்பு உண்டு. அந்த இடத்துல அந்தத் தடுப்பு பலமா இல்ல, ரத்தத்துல விஷம் இருக்கான்னு பாக்கத்தான் அந்த இடமே. அங்க போய் இந்த ஹார்மோன் தட்டுது. அடுத்த வருஷமே, 2018-ல, அமெரிக்க விஞ்ஞானி மார்லீனா ஃபெய்சோவும் அவரோட குழுவும் ஒரு பெரிய மரபணு ஆய்வை வெளியிட்டாங்க. கர்ப்பத்துல கடும் வாந்தி, அதாவது டாக்டர்கள் ஹைப்பர்எமிசிஸ்னு சொல்றது வந்த பெண்களோட மரபணுக்களையும் வராதவங்களோடதையும் ஒப்பிட்டப்போ, பளிச்சுன்னு தெரிஞ்ச வித்தியாசம் ஜி.டி.எஃப். 15 மரபணு பக்கத்துலதான். எச்.சி.ஜி.க்கோ ஈஸ்ட்ரோஜனுக்கோ அந்த ஆய்வுல ஆதாரம் கிடைக்கல. ஃபெய்சோ 1999-ல இதே கடும் வாந்தியால தன்னோட கர்ப்பத்தை இழந்தவர். அப்ப அவர்கிட்ட, கவனத்தை ஈர்க்க நடிக்கிறீங்கங்கிற தொனியில பேசுன மருத்துவரும் உண்டுன்னு அவரே பொதுவுல சொல்லியிருக்கார். விஞ்ஞானிக்கே அந்தப் பேச்சுன்னா மத்தவங்க கதி என்னன்னு யோசிச்சுக்குங்க.

2023 டிசம்பர்ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஆய்வுதான் இந்த விஷயத்தோட முதுகெலும்பு. கேம்பிரிட்ஜ்ல ஸ்டீபன் ஓராஹிலி, அமெரிக்காவுல ஃபெய்சோ, இவங்களோட ஸ்காட்லாந்து, இலங்கை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து செஞ்சது. அதுல முதல் கேள்வி: அம்மா ரத்தத்துல ஓடுற ஜி.டி.எஃப். 15 யாரோடது? அம்மா உடம்பு சுரக்குறதா, குழந்தை பக்கத்துலேர்ந்து வர்றதா? இதை எப்படிப் பிரிச்சாங்கங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இந்தப் புரதத்துல 202-ஆவது இடத்துல சில பேருக்கு ஒரு அமினோ அமிலம் இருக்கும், சில பேருக்கு வேற ஒண்ணு இருக்கும். ரெண்டும் சாதாரண வகைதான். அம்மாகிட்ட ஒரு வகை மட்டும் இருந்து, அப்பா வழியா குழந்தைக்கு இன்னொரு வகையும் வந்திருந்தா, அம்மா ரத்தத்தை எடுத்து எந்த வகை எவ்ளோ இருக்குன்னு எண்ணினாப் போதும், எது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சுடும். எண்ணிப் பாத்தாங்க. மிகப் பெரும்பகுதி குழந்தை பக்கத்துலேர்ந்துதான், அதாவது நஞ்சுக்கொடியிலேர்ந்துதான் வருது. வாந்தி எடுக்குற பெண்களோட ரத்தத்துல இது சராசரியா கூடுதலாவும் இருந்துச்சு.

"அப்ப கடைசியில நீயும் ஹார்மோன் ஜாஸ்தி, அதான் வாந்தின்னுதானே சொல்ற?"ன்னு இங்க ஒருத்தர் கேக்கலாம். நியாயமான கேள்வி. அளவுக்குப் பங்கே இல்லைன்னு நான் சொல்லல. ஆனா இதுலயும் ரெண்டு கூட்டத்தோட அளவுகளும் கலந்துதான் கிடக்கு. அதுக்கும் மேல, அளவை மட்டும் நம்புறவங்களால விளக்கவே முடியாத ஒரு கண்டுபிடிப்பு அதே ஆய்வுல இருக்கு. ஒரு அரிய மரபணு மாற்றம், அதை வெச்சிருக்கிற பெண்களுக்குக் கடும் வாந்தி வர்ற வாய்ப்பு குறைஞ்சது 10 மடங்கு அதிகம். இந்த மாற்றம் ஜி.டி.எஃப். 15-ஐக் கூட்டும்னுதானே எதிர்பாப்போம்? இல்ல. கர்ப்பத்துக்கு முன்னாடி இவங்க ரத்தத்துல அது மத்தவங்களை விடக் குறைவா இருக்கு. வாழ்நாள் பூரா குறைவா இருந்தவங்களுக்குத்தான் கடும் வாந்தி! அளவுதான் எல்லாம்னா இது தலைகீழா இருக்கணும்.

தலைகீழா இல்ல, ஏன்னா மூளை அதுவரைக்கும் எதுக்குப் பழகியிருக்குங்கிறதை ஒட்டித்தான் அலறுது. சின்ன வயசுலேர்ந்து காரம் தின்னே வளர்ந்தவருக்கும், காரமே தொடாதவருக்கும் ஒரே வரமிளகாய்ச் சட்னியைப் பரிமாறுனா, ஒருத்தர் இன்னும் கொஞ்சம் கேப்பார், இன்னொருத்தர் கண்ணுல தண்ணி கொட்டும். சட்னியில காரத்தோட அளவு ஒண்ணுதான். அது மாதிரி, முன்னாடியே ஜி.டி.எஃப். 15 கொஞ்சம் கூடுதலா ஓடிக்கிட்டிருந்த உடம்புக்கு நஞ்சுக்கொடி கொண்டுவர்ற வெள்ளம் பெரிய அதிர்ச்சியா படாது. அது ரொம்பக் குறைவா இருந்த உடம்புக்கு அதே வெள்ளம் தாங்க முடியாத அடி.

இது வெறும் ஊகம்னா இவ்ளோ தூரம் எழுத மாட்டேன். இதைச் சோதிச்சது இலங்கையில. பீட்டா தலசீமியாங்கிற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ளவங்களுக்கு ஜி.டி.எஃப். 15 எப்பவுமே ரொம்ப உயரமா இருக்கும். கருத்து சரின்னா, அவங்க கர்ப்பமாகும்போது குமட்டல் குறைவா இருக்கணும். அங்க தலசீமியா உள்ள தாய்மார்கள்கிட்டயும், அதே வயசும் அதே பின்னணியும் உள்ள மத்த தாய்மார்கள்கிட்டயும் கேட்டாங்க. மத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கும் மேல குமட்டலோ வாந்தியோ இருந்ததா சொன்னாங்க. தலசீமியா உள்ளவங்கள்ல சுமார் 5 சதவீதம்தான். எலியிலயும் பாத்தாங்க. எலிக்கு வாந்தி எடுக்கவே முடியாது, அதனால தீனி குறையுதா, எடை குறையுதான்னுதான் பாக்கணும். முன்கூட்டியே ஜி.டி.எஃப். 15 குடுத்துப் பழக்கின எலிகள், பின்னாடி திடீர்னு பெரிய அளவு குடுத்தப்போ அவ்ளோவா பாதிக்கப்படல. புகைப்பழக்கம் உள்ள பெண்களுக்குக் கடும் வாந்தி குறைவுன்னு ரொம்ப நாளா ஒரு புதிர் இருந்துச்சு. புகை ஜி.டி.எஃப். 15-ஐக் கூட்டும், அதனால அந்தப் புதிரும் இங்க வந்து உக்காருது. (இதைப் படிச்சுட்டு யாரும் சிகரெட் பக்கம் போயிடாதீங்க. புகை குழந்தையோட எடையைக் குறைக்கும், குறைப்பிரசவம் வரை கொண்டு போகும்.)

தலசீமியா ஆய்வு சின்னது, பழைய ஞாபகத்துலேர்ந்து சொன்ன பதில்கள், அவங்க உடம்பு வேற பல வகையிலயும் வித்தியாசமானதுன்னு ஆட்சேபம் சொல்லலாம். சரிதான். அது ஒண்ணு மட்டும் இருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனா மரபணு, ரத்த அளவு, தலசீமியா, எலி, இப்படி ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலு திசையிலேர்ந்து ஒரே பதில் வரும்போது, ஒவ்வொண்ணோட பலவீனத்தையும் மத்தது ஈடுகட்டுது. இன்னொரு ஆட்சேபம் இதை விடக் கனமானது: ஜி.டி.எஃப். 15 பிரசவம் வரைக்கும் உயரமாவே இருக்குதே, வாந்தி மட்டும் ஏன் அஞ்சாம் மாசத்துல நிக்குது? பழக்கம்தான் இதுக்கும் பதில். உயரமான அளவுலயே வாரக்கணக்குல இருந்து மூளையோட உணர்வு மழுங்கிடுது. எச்.சி.ஜி.க்கு இந்தக் கேள்வியே எழாது, ஏன்னா அது தானா இறங்கிடும். ஆனா அந்தப் பொருத்தம்தான் நம்மளை இத்தனை வருஷம் திசைதிருப்புச்சு.

எச்.சி.ஜி.க்குப் பங்கே இல்லையான்னா, அதோட வடிவம் தைராய்டைத் தூண்டுற ஹார்மோனை ஒத்தது. அதனால கடும் வாந்தி உள்ள சில பேருக்குத் தற்காலிகமா தைராய்டு கூடும், அப்புறம் தானா சரியாகும். அது தவிர அதோட கை எவ்ளோ இருக்குங்கிற விவாதம் போய்க்கிட்டிருக்கட்டும். ஒருத்தியோட வாந்தியை அளக்குற கோலா அது உதவாதுங்கிறதுல மட்டும் விவாதத்துக்கு இடமில்ல.

"நாங்கல்லாம் நாத்து நட்டுக்கிட்டே புள்ள பெத்தோம்"னு சொல்ற மாமியாரும் பொய் சொல்லல. அவங்க உடம்பு அந்த ஹார்மோனுக்குப் பழகின உடம்பா இருந்திருக்கலாம். ஆனா அதை வெச்சு மருமக உடம்பை எடைபோட முடியாது. ரெண்டு பேரோட மரபணு வேற. ஏன், ஒரே பொண்ணோட முதல் கர்ப்பமும் ரெண்டாவது கர்ப்பமும் கூட வேற, ஏன்னா ஹார்மோனை அனுப்புறது குழந்தை பக்கம், அதோட மரபணு ஒவ்வொரு தடவையும் வேற. "மூத்தவனுக்கு ஒண்ணும் பண்ணலையே, இப்ப மட்டும் என்ன?"ங்கிற கேள்விக்கும் இதுலயே பதில் இருக்கு.

"வாந்தி நல்லதுதானே, கரு பலமா இருக்குன்னு அர்த்தம்"னு ஆறுதல் சொல்றவங்களும் உண்டு. இதுல பாதி உண்மை. ஏற்கெனவே கருச்சிதைவு ஆனவங்களைப் பின்தொடர்ந்து 2016-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, குமட்டல் இருந்தவங்களுக்குக் கர்ப்பம் கலையுற வாய்ப்பு 50-லேர்ந்து 75 சதவீதம் குறைவா இருந்துச்சு. நஞ்சுக்கொடி நல்லா வேலை செய்யுதுங்கிறதோட அறிகுறியா இருக்கலாம். ஆனா வாந்தியே இல்லாம ஆரோக்கியமான குழந்தை பெத்தவங்க ஏராளம், அதனால வாந்தி வரலேன்னு பயப்பட வேண்டாம். அதே மாதிரி, நல்லதோட அறிகுறின்னு சொல்லிக் கடும் வாந்தியை அப்படியே விட்டுடவும் கூடாது. மசக்கை பத்துல ஏழு எட்டுப் பேருக்கு வரும். கடும் வாந்தி நூத்துல மூணு பேர் வரைக்கும் வரும். அது எடையை உருக்கும், தண்ணிச்சத்தை உறிஞ்சும், கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து.

மருந்து விஷயத்துலயும் நாம தேவையில்லாம பயப்படுறோம். அந்தப் பயத்தோட வேர் தாலிடோமைடு. 1957-ல மேற்கு ஜெர்மனியில வந்து, கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் சாப்பிட்டு, 1961-ல திரும்பப் பெறப்படறதுக்குள்ள 10,000-க்கும் மேல குழந்தைகளை ஊனப்படுத்துன மருந்து. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனா அதே பயத்துல நல்ல மருந்தும் அடிபட்டுச்சு. டாக்சிலமைனும் வைட்டமின் பி6-ம் சேர்ந்த மாத்திரையை, வழக்குகளுக்குப் பயந்து அமெரிக்காவுல 1983-ல நிறுத்துனாங்க. குழந்தைகளோட பிறவிக் குறைபாடு குறையல, வாந்திக்காக ஆஸ்பத்திரியில சேர்ற கர்ப்பிணிகள்தான் கூடுனாங்க. 2013-ல அதே கூட்டு மருந்துக்கு மறுபடி அனுமதி கிடைச்சுது. நம்ம ஊர் டாக்டர்கள் மசக்கைக்கு எழுதிக் குடுக்குறதும் பெரும்பாலும் இதேதான். டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையை "மாசமா இருக்கிறப்ப மாத்திரை எதுக்கு"ன்னு பிடுங்கி வெக்கிறது பாதுகாப்பு ஆகாது. (கர்ப்பத்துக்கு முன்னாடியே ஜி.டி.எஃப். 15-ஐக் கொஞ்சம் உயர்த்திப் பழக்க மெட்ஃபார்மின் உதவுமான்னு ஆராய்ச்சி போகுது. இன்னும் ஆராய்ச்சிதான், யாரும் தானா வாங்கிச் சாப்பிட வேண்டாம்.)

அப்ப வாந்தியோட கடுமையை எதை வெச்சு அளக்குறது? பிரிட்டனோட மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2024-ல திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல், சிறுநீர்ல வர்ற கீட்டோன் அளவைக்கூட அதுக்கு நம்பாதீங்கன்னு சொல்லுது. அது பரிந்துரைக்கிற மதிப்பீட்டுல மூணே மூணு கேள்வி: கடந்த 24 மணி நேரத்துல எவ்ளோ நேரம் குமட்டுச்சு, எத்தனை தடவை வாந்தி எடுத்தீங்க, எத்தனை தடவை ஒண்ணும் வெளிய வராம ஓங்கரிச்சீங்க. மூணுக்கும் பதில் அவ வாயிலேர்ந்துதான் வரணும். எந்த லேப்லயும் கிடைக்காது.

அதனால வீட்டுல இருக்கிறவங்ககிட்ட என் வேண்டுகோள் இதுதான். சாதம் கொதிக்கிற வாசனையே ஆகலேன்னு அவ சொன்னா, அடுப்படிக்கு வேற ஆள் போங்க. கொஞ்சம் கொஞ்சமா, அவளுக்குப் பிடிச்சதை, அவ கேக்குற நேரத்துல குடுங்க. ஒரு நாள் பூரா தண்ணி கூட உள்ள நிக்கல, சிறுநீர் ரொம்பக் கம்மியா அடர்த்தியா போகுது, எழுந்து நின்னா தலை சுத்துது, எடை இறங்கிக்கிட்டே போகுதுன்னா, காலையில பாத்துக்கலாம்னு இருக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வாரக்கணக்கா வாந்தி எடுத்தவளுக்குக் குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி தயமின், அதான் வைட்டமின் பி1, போட்டாச்சான்னு தயங்காம கேளுங்க. அது இல்லாம குளுக்கோஸ் ஏத்துனா மூளையே பாதிக்கப்படலாம்.